முப்பத்தேழாம் நம்பர் கால்

பிரிஸ்கில்லாவுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பது அவள் வீட்டுக்காரர் நெல்வினின் கட்சி. கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள், நகையைப் பார்ப்பார்கள், புடவை எந்தக் கடை என்று விசாரிப்பார்கள். பிரிஸ்கில்லா நேராகக் காலுக்குப் போய்விடுவாள். "பாவம், இந்தப் பொண்ணுக்கு அரை சைஸ் கம்மி. மூஞ்சி சிரிக்குது, விரல பாருங்க, உள்ள மடிச்சிக்கினு நிக்குது" என்பாள். ஆல்பம் கொண்டுவந்தவர்கள் அதை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வேலூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரப் பலகை மேல் அவளுக்குத் தீராத கோபம். பத்து வருடமாக அந்தக் கடைக்காரர் வருடத்துக்கு ஒரு பெண்ணை மாற்றிப் பலகையில் நிறுத்துகிறார். ஒருத்திக்காவது முழங்காலுக்குக் கீழே ஏதாவது உண்டா என்றால் கிடையாது. "கால வெட்டிட்டு எடுக்கிறதெல்லாம் ஒரு போட்டோவா? புடவ கரை எங்க போய் முடியுதுன்னு யாருக்கு தெரியும்?" என்று டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்பாள். பத்திரிகைகளில் வரும் செருப்பு விளம்பரங்களும் அவளுக்கு ஆகாது. அந்தச் செருப்புகளில் ஆள் பாரமே இருக்காது. மடிப்பு விழ வேண்டிய இடத்தில் மடிப்பு இருக்காது. உள்ளே காகிதத்தைத் திணித்து நிறுத்தி எடுத்ததெல்லாம் அவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் அவள் பார்த்த வேலைதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். பெண்களுக்கான புது மாடல் எது வந்தாலும் முதல் சாம்பிளை முப்பத்தேழாம் நம்பரில்தான் தைப்பார்கள். பிரிஸ்கில்லாவின் கால் நூல் பிடித்தாற்போல் முப்பத்தேழு. ஆயிரத்து எண்ணூறு பேர் வேலை செய்யும் இடத்தில் நீளம், அகலம், பாதத்தின் மேல்கட்டு மூன்றும் ஷூ தைக்கும் அச்சோடு பொருந்திய கால் அவளுடையது ஒன்றுதான். அதனால் எந்தச் சாம்பிளும் முதலில் அவள் காலில்தான் ஏறும். அதுவும் வலது காலில் மட்டும். லெதர் வீணாகக் கூடாது என்று சாம்பிளை ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவள் வலது கால் போட்டுப் பார்த்த ஷூக்கள் ஐயாயிரம் இருக்கும். இடது கால் பாவம், எப்போதும் போல் ரப்பர் செருப்பிலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த வலது காலின் மேல்புறத்தில் ஒரு தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருடம் மெஷினிலிருந்து சூடான பசை சொட்டிய இடம். நாவல்பழக் கொட்டை அளவில் வழவழவென்று இருக்கும்.

புதுச் சாம்பிளைப் போட்டுக்கொண்டு மாடிப்படியிலிருந்து தண்ணீர் கேன் வரை இருபது நடை போய் வருவாள். பிறகு படிவத்தில் எழுதுவாள்: குதிகால் வழுக்குகிறது, மேல்விளிம்பு அறுக்கிறது, சரியாக இருக்கிறது. கீழே கையெழுத்து. பக்கத்தில் சாம்பிள் ரூம் போனில் எடுத்த படம் ஒன்று. இது சென்னை ஆபீசில் இருக்கும் ஆதிகேசவனுக்குப் போகும். ஷூ தைப்பதற்கான கால் அச்சுகளுக்கு அவர்தான் பொறுப்பு. கம்ப்யூட்டரில் ஆயிரம் அளவு வைத்திருந்தாலும், "பிரிஸ்கில்லா இடிக்குதுன்னா இடிக்குதுதான்" என்று சொல்லி அச்சை மாற்றச் சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து பிரிஸ்கில்லா எத்தனையோ நாள் தனியாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறாள். அவளுக்குப் பட்டம் இல்லை, பதவி இல்லை. அவள் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இத்தனை வருடமும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்த கம்பெனி, இந்த வருடம் தன் சொந்தப் பேரில் நம் ஊர்க் கடைகளில் இறங்க முடிவு செய்தது. முதல் மாடல் 4416. தட்டையான, முன்பக்கம் மூடிய கறுப்பு ஷூ. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு என்றே செய்தது: நர்சுகள், டீச்சர்கள், கடையில் நிற்கும் பெண்கள். தீபாவளிக்குக் கடையில் இருக்க வேண்டும். இதற்கென்று வந்த மேனேஜர் பிரேம்நாத், முப்பது வயது, தூங்கி எழுந்த மாதிரியே இருக்க மாட்டார், எப்போதும் சலவைச் சட்டை. மோசமான ஆள் என்று சொல்லிவிட முடியாது. அவர் தலைக்கு மேல் தேதி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

4416-ஐப் போட்டு நடந்துவிட்டு பிரிஸ்கில்லா எழுதினாள்: "சுண்டு விரல் மூட்டில் இடிக்கிறது. பதினைந்தாவது நடையில் எரிச்சல். அச்சு அகலம் போதாது."

பிரேம்நாத் அதைப் படித்துவிட்டுப் படிவத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "ஷூட்டிங் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

ஷூட்டிங்குக்கு பெங்களூரிலிருந்து ஒரு மாடல் பெண் வந்தாள். படம் எடுக்க வந்தவள் ஜோயா. மேல்விஷாரத்துப் பெண், படிப்பை முடித்துவிட்டு பெங்களூரில் பெரிய பெரிய பத்திரிகைகளுக்கு எடுக்கிறாள் என்று சொன்னார்கள். கான்ஃபரன்ஸ் ஹாலில் வெள்ளைத் துணி கட்டி, குடை வைத்த விளக்குகளை நிறுத்தி, எல்லாம் ஜோராக இருந்தது. மாடல் பெண் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அப்போதுதான் அத்தனை பேருக்கும் உறைத்தது.

அந்தப் பெண்ணுக்கு ஐந்தடி பத்தங்குலம் உயரம். கால் நாற்பதாம் நம்பர். சாம்பிள் முப்பத்தேழு. ஷூ கம்பெனிக்காரர்கள் ஷூ விளம்பரத்துக்கு ஆள் பார்த்தார்கள், முகம் பார்த்தார்கள், தலைமுடி பார்த்தார்கள், காலை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஊரில் இருக்கும் அத்தனை காலுக்கும் அளவெடுக்கிறவர்கள்! குதிகால் இரண்டு விரல் வெளியே தொங்கியது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நுழைக்கப் பார்த்தாள். நாற்பதில் தைக்க அச்சே இன்னும் வரவில்லை.

"மேல மட்டும் எடுத்துடலாமா? இடுப்பு வரைக்கும்?" என்று பிரேம்நாத் கேட்டார்.

கதவோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிரிஸ்கில்லாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஷூ விளம்பரத்துக்கு ஷூ இல்லாமலா சார்? ஜவுளிக்கடைக்காரன் பரவால்லியே."

ஜோயா திரும்பி, "யாரு இவங்க?" என்றாள்.

"சாம்பிள் கால்" என்று யாரோ சொன்னார்கள். ஜோயா கீழே பார்த்தாள். பிறகு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "அக்கா, வாங்க இப்படி" என்றாள்.

மாடல் பெண்ணை இடுப்பு வரை தனியாக எடுத்தார்கள். அது முடிந்ததும் பிரிஸ்கில்லாவின் வலது காலை எடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு மணி நேரம். ஒற்றைக் கால் ஷூதானே இருந்தது, அதையே கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு இடது காலாக்கி ஜோடி சேர்த்துக்கொள்ளலாம், கேட்டலாகுக்கு எப்போதும் அப்படித்தான் என்று ஜோயா விளக்கினாள்.

"அக்கா, வெயிட் போடாதீங்க. சும்மா வெச்ச மாதிரி இருக்கட்டும்."

"வெயிட் போடாம நிக்க நான் இன்னா பொம்மயா? இத போட்டுக்கினு பன்னெண்டு மணி நேரம் வார்டுல நிக்கப்போறாங்க. எங்க நாத்தனார் கூட நர்சுதான். நிக்கிற மாதிரி எடும்மா."

"நின்னா மடிப்பு விழுதுக்கா."

"விழட்டுமே. மடிப்பு விழுந்தாத்தானே கால் உள்ள இருக்குதுன்னு தெரியும்."

ஜோயா கோபித்துக்கொள்ளவில்லை. கேமராவை இறக்கிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, எங்கம்மா ஒருவாட்டி பத்திரிகையில படத்த பாத்துட்டு ஹீல்ஸ் ஒண்ணு வாங்கினாங்க. ஒரு நாளும் போட்டதில்ல. பீரோல வெச்சி, பெருநாளைக்கு எடுத்து தொடச்சி பாத்துட்டு உள்ள வெச்சிடுவாங்க. அவங்க மூஞ்சிய நீங்க பாக்கணுமே. அந்த ஆசைய குடுக்கிறதுதான் என் வேல. உங்க வேல மாதிரி ரிப்போர்ட் எழுதறது இல்ல."

அந்த அம்மாவை பிரிஸ்கில்லாவுக்குப் பிடித்துப்போயிற்று. "சரிதான். ஆனா இது பீரோல வெக்கிற ஷூ இல்லியேம்மா" என்றாள்.

மதியம் பிரேம்நாத் ஜோயாவின் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயந்தரம் ஐந்து மணிக்கு பிரிஸ்கில்லாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்.

அது அவள் கால்தான். ஆனால் இப்படி ஒரு காலை அவள் பார்த்ததில்லை. மெல்லிய வெளிச்சம் கணுக்கால் எலும்பில் விழுந்து வழிந்திருந்தது. தோல் பளபளவென்று, கறுப்பு ஷூவுக்குள் இரண்டு பாதமும் அவ்வளவு லேசாக நின்றன. முப்பத்தாறு வருடத்தில் யாரும் அவளை அழகு என்று சொன்னதில்லை. நெல்வின் சொல்லியிருப்பார், அவர் சொன்னது சாப்பாட்டைப் பற்றி. பிரிஸ்கில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குது இல்ல?" என்றார் பிரேம்நாத். புது ஃபிட் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். படம் ஒட்ட வேண்டிய இடத்தில் இதே படம் அச்சாகியிருந்தது. குறிப்பு எழுதும் கட்டத்தில் 'சரியாக இருக்கிறது' என்று டைப் செய்திருந்தார்கள். "ஆதிகேசவன் சாரே படத்த பாத்து முடிவு பண்ணிக்கட்டும். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அச்சு மாத்தினா மூணு வாரம் போய்டும், தீபாவளி போய்டும். எனக்கு பேஜாரா ஆய்டும், பிரிஸ்கில்லா."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. படத்தில் சுண்டு விரல் பக்கம் புடைப்பு இல்லை, மடிப்பு இல்லை. கம்ப்யூட்டரில் தடவி எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் எடுத்த படங்களில் இதைத்தானே அவள் இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்? இங்கே தன் காலில் கண்டபோது திட்ட வாய் வரவில்லை. இடிக்கிறது என்று எழுதினால் இந்தப் படம் பொய் என்று ஆகிவிடும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தெரிந்தேதான் போட்டாள்.

வீட்டுக்குப் போனபோது வழியில் சிரிப்பு வரவில்லை. சுண்டு விரல் மூட்டு எரிந்துகொண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினாள். "இன்னா ஆச்சு?" என்று நெல்வின் கேட்டதற்கு, "புது மாடல்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நாத்தனார் வந்திருந்தாள். டூட்டி முடித்த காலோடு, செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கடியில் விட்டு, ஜெபம் முடிகிற வரை வெறுங்காலோடு நின்றாள். பிரிஸ்கில்லா பாஸ்டர் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு பிரேம்நாத் அறையிலிருந்து ஆள் வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் ஆதிகேசவன்.

"இன்னாமா பிரிஸ்கில்லா, சௌக்கியமா? ஒரு சின்ன சந்தேகம். 4416 ரிப்போர்ட் முன்னால வெச்சினு இருக்கேன். உனக்கு ரெண்டு கால்லயும் தழும்பு இருக்குதா?"

பிரேம்நாத்தின் முகம் வெளிறியது. பிரிஸ்கில்லாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. புடைப்பை அழித்தார்கள், மடிப்பை அழித்தார்கள், அவசரத்தில் தழும்பை விட்டுவிட்டார்கள். காலைத் திருப்பிப் போட்டு ஜோடி சேர்த்தபோது தழும்பும் ஜோடியாகிவிட்டது. அந்தப் பசை விழுந்த அன்றைக்கு அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனவர், அப்போது ஆம்பூரில் இருந்த ஆதிகேசவன்.

பிரேம்நாத் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். ஆமாம் என்று சொல், இன்னொன்று அப்புறம் பட்டது என்று சொல் என்பது அதன் அர்த்தம். அவர் கண்ணில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒரு கால்லதான் சார்" என்றாள் பிரிஸ்கில்லா.

"அப்போ இது போன்ல எடுத்த படம் இல்ல."

"இல்ல சார். விளம்பரத்துக்கு எடுத்தது."

"சரி. படத்த விடு. ஷூ இடிக்குதா?"

"இடிக்குது சார். சுண்டு விரல்கிட்ட."

"பின்ன ஏம்மா கையெழுத்து போட்ட?"

பிரேம்நாத் சொல்லித்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் முழுசாக உண்மையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"படம் ரொம்ப நல்லா இருந்துச்சி சார்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஆதிகேசவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பன்னெண்டு வருஷமா உன் கையெழுத்துக்கு கீழ நான் கண்ண மூடிக்கினு போட்டுட்டு இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

மேஜை இழுப்பறையில் பூட்டியிருந்த பழைய படிவம் அன்று மதியமே சென்னைக்குப் போயிற்று. அச்சு மாறியது. மூன்று வாரம் போயிற்று, தீபாவளியும் போயிற்று. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வரும் என்று முடிவானது. பிரேம்நாத்துக்கு மேலிடத்தில் நல்ல மண்டகப்படி கிடைத்தது என்று பேசிக்கொண்டார்கள். அவர் பிரிஸ்கில்லாவைச் சாம்பிள் ரூமிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார். ஒரு வாரம் அட்டைப்பெட்டி மடித்தாள். மாற்றிய அச்சில் சாம்பிள் வந்து நின்றதும் அதை மாட்டக் காலைத் தேடினார்கள். முப்பத்தேழாம் நம்பர் கால் பேக்கிங்கில் நின்றுகொண்டிருந்தது. கூப்பிட்டு அனுப்பினார்கள். பிரேம்நாத் ஷூவை நீட்டினார், அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

வழக்கமாக இருபது நடை நடப்பவள் அன்றைக்கு இருநூறு நடை நடந்தாள். சாம்பிள் ரூமே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. கடைசியில் உட்கார்ந்து, விரலை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்று தன் கையால் எழுதினாள். ஆதிகேசவன் கையெழுத்துப் போட இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். முன்பெல்லாம் அன்றைக்கே போட்டுவிடுவார். அவள் அதைக் கவனித்தாள்.

ஜோயா மறுபடி வந்தாள். இந்த முறை இடது கால் ஷூவும் தைத்திருந்தார்கள். மாடல் பெண் வரவில்லை. "முழங்காலுக்கு கீழ மட்டும் போதும்னு நான்தான் சொன்னேன்" என்றாள் ஜோயா. "அக்கா, அன்னிக்கு அவர் தடவ சொன்னாரு, தடவினேன். ரிப்போர்ட்ல ஒட்டுவாருன்னு சத்தியமா தெரியாது."

"தெரியும்மா. எனக்கு தெரிஞ்சேதானே போட்டேன்."

"இன்னிக்கு வெயிட் போட்டே நில்லுங்க."

நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக இடது காலுக்கும் ஷூ. மடிப்பு விழுந்தது, அதை அப்படியே எடுத்தாள் ஜோயா. எடுத்து முடித்துத் திரையில் காட்டி, "ஷூவுல நான் கை வெக்க மாட்டேன். இந்த தழும்பு மட்டும் இன்னா பண்ணட்டும்? இருக்கட்டுமா? உண்மையா இருக்கும்" என்றாள்.

பிரிஸ்கில்லா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எடுத்துடும்மா. அது ஷூவோட குத்தம் இல்லியே. எனக்கும் ஆசை இருக்காதா?" என்றாள். ஜோயா சிரித்துவிட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் பலகை ஏறியது. இரண்டு பாதம், இரண்டு கறுப்பு ஷூ, வேறு ஒன்றும் இல்லை. லாரியை விடப் பெரிய பாதங்கள். வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் போகும்போது பிரிஸ்கில்லா, பக்கத்தில் இருந்த தையல் செக்ஷன் அன்வரி பேகத்தின் தொடையில் தட்டினாள்.

"அங்க பாரு. என் கால்."

அன்வரி பேகம் எட்டிப் பார்த்தாள். "போடி. உன் கால் எனக்கு தெரியாதா? தழும்பு எங்க?"

"எடுக்க சொல்லிட்டேன்."

"தழும்ப எடுத்துட்டா அது எப்படி உன் கால்? அது யாரோ பெங்களூர்காரி கால்." ஆட்டோவில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் அன்வரி பக்கம் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் கூடத் திரும்பிப் பார்த்து, "இல்லீங்க்கா, அது வேற யாரோ" என்றார்.

பிரிஸ்கில்லாவுக்கு முதலில் சுருக்கென்றது. ஊரே பார்க்கிற இடத்தில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள், ஒரு ஆள்கூட நம்ப மாட்டேன் என்கிறது. பலகை நெருங்கி வந்தது. அவள் தலையை வெளியே நீட்டி நன்றாகப் பார்த்தாள்.

"அன்வரி, தழும்ப விடு. அந்த சுண்டு விரல் பக்கம் பாரு. எங்கனா புடைச்சினு இருக்குதா?"

"இல்ல."

"அத யாரும் கம்ப்யூட்டர்ல தடவி எடுக்கல. ஷூவுக்குள்ள அகலமா, காத்தாட படுத்துனு இருக்குது பாரு. அது என் விரல்" என்றாள். அன்வரி அப்போதும் நம்பவில்லை. பிரிஸ்கில்லா ரப்பர் செருப்பைக் கழற்றி, ஓடுகிற ஆட்டோவில் வலது காலை அன்வரியின் மடியில் தூக்கி வைத்து, சுண்டு விரலை ஆட்டிக் காட்டினாள்.